வரியன் பட்டாம்பூச்சிகளை வரவழைக்க வாடிய தேள்கொடுக்கு போதும்

வெந்தய வரியன், நீலவரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகிய பட்டாம்பூச்சிகள் தோட்டத்துக்கு வர வேண்டுமானால், நர்சரியில் பணம் கொடுத்துப் பூச்செடி வாங்க வேண்டாம். வாய்க்கால் ஓரத்தில் களையாக மண்டிக்கிடக்கும் தேள்கொடுக்கைப் பிடுங்கி, வாட விட்டு, கொத்தாகக் கட்டி வெயில் படும் கிளையில் தொங்க விடுங்கள். காய்ந்த கிலுகிலுப்பைச் செடியும் ஆகும்.

இவை தேடி வருவது தேனுக்காக அல்ல. இச்செடிகளில் உள்ள ஒருவகை ஆல்கலாய்டு நஞ்சைக் கொண்டுதான் ஆண் பூச்சிகள் பெண்ணைக் கவரும் மணப்பொருளைத் தயாரிக்கின்றன. பறவைகளுக்கு இரையாகாமல் தப்பவும் அந்த நஞ்சு உதவுகிறது. செடி வாடும்போது திசுக்கள் சிதைந்து நஞ்சு எளிதில் கிடைக்கும். அருகில் போய்ப் பாருங்கள்: உறிஞ்சுகுழலால் காய்ந்த தண்டின்மேல் துளி நீரை விட்டு, கரைந்ததைத் திரும்ப உறிஞ்சும். அந்த மும்முரத்தில் ஆளைக்கூட அவ்வளவாகச் சட்டை செய்யாது. படம் எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

எலுமிச்சை, கறிவேப்பிலையைச் சுற்றும் அழகி வகைப் பட்டாம்பூச்சிகள் இதற்கு மயங்குவதில்லை. வருபவை பெரும்பாலும் ஆண்களே, முட்டையும் இடமாட்டா; வெந்தய வரியன் முட்டையிட எருக்கு வேண்டும். மழையில் நனைந்து அழுகிய கொத்தை மாற்றிவிடுங்கள். ஆடு மாடு வளர்க்கும் வீடானால் இந்த யோசனையே வேண்டாம், இதே நஞ்சு அவற்றின் கல்லீரலைக் கெடுக்கும்.