பல வருஷமா நின்ன வண்டி: இன்ஜின் ஆயில்ல தண்ணி இருக்கான்னு கண்டுபுடிக்கிறது எப்படி

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், கிக் அடிக்காதீங்க. கொட்டாய்லயோ தாழ்வாரத்துலயோ பல வருஷமா நின்ன வண்டிய வெளில உருட்டிட்டு வந்ததும் கொஞ்சம் பெட்ரோல ஊத்தி நாலு கிக் அடிச்சுப் பாப்போம்னு எல்லாருக்கும் தோணும், பக்கத்துல நிக்கிற அண்ணனும் அதத்தான் சொல்லுவாரு. நம்ம டெல்டா பக்கம் அத செய்யவே கூடாது. 2018 நவம்பர் 16 கஜா, 2022 நவம்பர்ல சீர்காழில ஒரே நாள்ல பேஞ்ச 44 சென்டிமீட்டர் மழை, அது போக வருஷா வருஷம் ஐப்பசி கார்த்திகைல வாய்க்கா நெரம்பி வாசல் வரைக்கும் வர்ற தண்ணி, இதுல எதுல வண்டி எவ்ளோ நேரம் முழுகி நின்னுச்சுன்னு வீட்ல ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. உள்ள தண்ணி இருந்து நீங்க கிக் அடிச்சீங்கன்னா அந்தத் தண்ணிய பேரிங் வரைக்கும் கலக்கி விட்டுடுவீங்க, அதோட எங்கேருந்து தண்ணி வந்துச்சுன்னு கண்டுபுடிக்க இருந்த தடயமும் போயிடும்.

இங்க நான் சொல்றது திருத்துறைப்பூண்டி பக்கம் சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டாய்ல வைக்கோலுக்குப் பின்னாடி கெடந்த பழைய ஸ்ப்ளெண்டர்ல செஞ்சு பாத்தது. ஏர் கூல்டு ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்கெல்லாம் பெரும்பாலும் பொருந்தும். ஏர் கூல்டுன்னா இன்ஜின் சுத்தி தகடு தகடா இருக்கும், ரேடியேட்டர் இருக்காது. அதுல தண்ணி ஓடுற வழியே கெடையாது, அதனால "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், அதான் தண்ணி கலக்குது"ன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, அந்த கேஸ்கெட், அதாவது சிலிண்டருக்கும் அதோட மேல் மூடிக்கும் நடுவுல இருக்குற தகடு, போய் தண்ணி கலக்குறது காருக்கும் ரேடியேட்டர் வெச்ச வண்டிக்கும் சொல்ற விஷயம். நம்ம வண்டில அடில தேங்குற அளவு தண்ணி இருந்தா அது வெளிலேருந்துதான் வந்திருக்கணும்.

வண்டிய சுத்திப் பாருங்க

கழுவாதீங்க. கழுவுனா வண்டல் கோடு போயிடும். வெள்ளத் தண்ணி வடியும்போது எந்த உயரத்துல நின்னுச்சோ அந்த உயரத்துல ஒரு மண் கோடு வெச்சுட்டுத்தான் போகும், இன்ஜின் தகடு இடுக்குல, சைலன்சர் மேல, செயின் கவருக்குள்ள தேடுங்க. அப்புறம் ஏர் ஃபில்டர் பாக்ஸ தொறந்து விரல விட்டு அடில தடவுங்க. நைஸா காஞ்ச வண்டல் கைல ஒட்டுனா கார்பரேட்டர் வழியா தண்ணி போயிருக்குன்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணிடலாம். சைலன்சர் தாழ இருக்குறதால முழங்கால் தண்ணியே போதும், வண்டி நின்ன நேரத்துல எக்சாஸ்ட் வால்வு தொறந்து இருந்தா சிலிண்டர்ல எறங்கி, பிஸ்டன் ரிங் இடுக்கு வழியா மெல்ல மெல்ல ஆயில் இருக்குற எடத்துக்கே வந்துடும்.

டிப்ஸ்டிக் சொல்றத அப்படியே நம்பாதீங்க

நெறைய பேரு ஏமாறுற எடம் இதுதான். டிப்ஸ்டிக்க, அதாவது ஆயில் அளவு பாக்குற குச்சிய எடுத்துப் பாப்பாங்க, கருப்பா நல்ல ஆயில் மாதிரியே இருக்கும், சரி தண்ணி இல்லன்னு விட்டுடுவாங்க. ஆயில விட தண்ணி கனம், வண்டி நிக்க நிக்க தண்ணி அடில போய் உக்காந்துடும், டிப்ஸ்டிக் தொடுறது மேல நிக்கிற ஆயில மட்டும்தான். ஆனா லெவல் மார்க்குக்கு மேல இருக்கான்னு கண்டிப்பா பாருங்க, யாரும் ஆயில் ஊத்தாம லெவல் ஏறியிருந்தா வேற ஏதோ உள்ள வந்திருக்கு. இப்ப மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை அடிச்சா லெவல் ஏறுனது தண்ணியாலன்னு சொல்ல முடியாது, கார்பரேட்டர்ல பெட்ரோல நிறுத்துற ஊசி (ஃப்ளோட் நீடில்) மூடாம டேங்க்ல இருந்த பெட்ரோல் பூரா உள்ள எறங்கியிருக்கலாம், ஆயிலும் தொட்டா கெட்டியில்லாம நீர்த்து வழியும். இத ஞாபகம் வெச்சுக்கங்க, கீழ தவா டெஸ்ட் சொல்லும்போது தேவைப்படும்.

ஆயில் ஊத்துற மூடிக்கு அடில மட்டும் வெள்ளையா கொழகொழன்னு ஒட்டியிருந்தா பயப்பட வேணாம். மார்கழிப் பனில பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓட்டிட்டு நிறுத்துற வண்டில ஈரம் உள்ளயே வேர்த்து அப்படி ஆகும். மூடியோட ஓ ரிங், அதான் அந்த ரப்பர் வளையம், வெடிச்சிருக்கான்னு மட்டும் பாத்து மாத்திடுங்க, அது வழியா மழைத்தண்ணியும் எறங்கும்.

டிரெயின் போல்ட்

சாதாரணமா ஆயில் மாத்தும்போது இன்ஜின சூடு பண்ணிட்டுத்தான் எறக்குவோம். இங்க அதுக்கு நேர் எதிர். வண்டிய சென்டர் ஸ்டாண்ட்ல போட்டு ஒரு ராத்திரி அசைக்காம விடுங்க, காலைல எழுந்ததும் ஆட்டாம கொள்ளாம இன்ஜினுக்கு அடில ஆயில் எறக்குற போல்ட்ட தொடணும்.

ஸ்ப்ளெண்டருக்கு 17 நம்பர் ஸ்பேனர். ரிங் ஸ்பேனரோ பாக்ஸ் ஸ்பேனரோ மட்டும்தான், ஸ்க்ரூ ஸ்பேனர தூரமா வெச்சுடுங்க, பல வருஷம் எறுகிக் கெடந்த போல்ட்டோட மூலைய அது மழுக்கிடும், அப்புறம் வெல்டிங் கடைக்குத்தான் போகணும். அசையலன்னா டபிள்யூடி-40 அடிச்சு விட்டுட்டு மறுநாள் வாங்க. கேசிங் அலுமினியம், பலத்த காட்டுனா மரை போயிடும்.

லூஸ் ஆனதும் போல்ட்ட முழுசா கழட்டாதீங்க, இந்த எடத்துலதான் பொறுமை வேணும். கையாலயே கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க, சொட்டு விழ ஆரம்பிச்சதும் நிறுத்துங்க, அடில சுத்தமான கண்ணாடி பாட்டில புடிங்க. தண்ணி இருந்தா முதல்ல அதுதான் வரும், அதுக்குப் பின்னாடிதான் ஆயில். மொத்தமா தொறந்து விட்டீங்கன்னா எல்லாம் ஒண்ணா சட்டில விழுந்து கலந்துடும், ஒண்ணும் தெரியாது.

பாட்டில ஒரு ராத்திரி வெய்யுங்க. அடில தண்ணி தனியா, மேல ஆயில் தனியா பிரிஞ்சு நின்னா, தண்ணி போனதுக்கு அப்புறம் வண்டிய யாரும் பெருசா ஓட்டலன்னு அர்த்தம், நல்ல சேதி. பால் ஊத்துன காபி மாதிரி மொத்தமா ஒரே நெறத்துல பிரியாம நின்னா, தண்ணியோடவே யாரோ ஓட்டியிருக்காங்க. தண்ணி செம்மண் நெறத்துல துரு வாடையோட வந்தா உள்ள பேரிங் துரு புடிச்சிருக்கும், அப்ப இன்ஜின பிரிக்கிற ஆள்கிட்ட குடுத்துடுங்க. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கடல் தண்ணி ஏறுன எடத்துல நின்ன வண்டின்னா இந்த யோசனையே வேணாம், நேரா பிரிச்சுடுங்க, உப்பு விடாது.

தவா டெஸ்ட்

கண்ணுக்குத் தெரியாத அளவு தண்ணிக்கு இது. சமையலுக்கு ஆகாத ஒரு பழைய தவாவ நல்லா சூடு பண்ணி, அடுப்ப அணைச்சு, ஒரே ஒரு சொட்டு ஆயில விடுங்க. படபடன்னு வெடிச்சா தண்ணி இருக்கு, சத்தமில்லாம பரவுனா இல்ல. முகத்த தள்ளி வெச்சுக்கங்க, கண்ணாடி போட்டுக்கங்க. பெட்ரோல் வாடை அடிக்கிற ஆயில்ல இத செய்யவே செய்யாதீங்க, புடிச்சுக்கும்.

அடுத்து

ப்ளக்க கழட்டிட்டு அந்த ஓட்டைல கொஞ்சம் புது ஆயில் விட்டு, டாப் கியர்ல போட்டு பின் வீல கையால மெதுவா சுத்துங்க. சிலிண்டர்ல தண்ணி நின்னா ப்ளக் ஓட்டை வழியா வெளில வந்துடும். ப்ளக் இருக்கும்போது கிக் அடிச்சிருந்தா அந்தத் தண்ணி நசுங்காது, பிஸ்டன புடிச்சிருக்குற கனெக்டிங் ராடு வளையக்கூட வாய்ப்பு இருக்கு. சுத்தும்போது கரகரன்னு சத்தம் வந்தா நிறுத்திடுங்க.

சத்தமில்லாம சுத்துச்சுன்னா இருக்குறதுலயே வெல கம்மியான 20டபிள்யூ40 பைக் ஆயில ஊத்தி, ஸ்டார்ட் பண்ணி, முறுக்காம கொஞ்ச நேரம் ஓட விட்டு எறக்குங்க, நெறம் தெளியற வரைக்கும் இதயே திரும்ப செய்யுங்க. டீசலும் மண்ணெண்ணெயும் ஊத்தி அலசுற பழக்கம் எனக்குப் புடிக்காது, இதே ஆயில்லதான் கிளட்ச் ப்ளேட்டும் கியரும் முழுகி ஓடுது, ரெண்டும் ஆயிலோட பசைய அறுத்துடும். போல்ட் வாஷர ஒவ்வொரு தடவையும் பாருங்க, நசுங்கியிருந்தா புதுசு போடுங்க. எறக்குன ஆயில வாய்க்கால்ல கொட்டாதீங்க, அதே தண்ணிதான் நாத்தங்காலுக்குப் போகுது. கேன்ல புடிச்சு ஒர்க்ஷாப்ல குடுத்தா பழைய ஆயில் எடுக்குறவங்க வாங்கிப்பாங்க.

பின்னாடி சேர்த்தது: மன்னார்குடிலேருந்து ஒரு தம்பி, ஆயில் மாத்தி மாத்தி ஊத்தியும் திரும்ப வெளுக்குதுன்னு கேட்டாரு. கிளட்ச் கவர தொறந்து அடில இருக்குற வலை ஸ்ட்ரெய்னரையும், சுத்துற ஃபில்டர் கிண்ணத்தையும் தொடைக்கச் சொன்னேன். ஸ்ப்ளெண்டர்ல ஆயிலுக்குப் பேப்பர் ஃபில்டர் கெடையாது, சேறு பூரா அந்த ரெண்டுலயும்தான் தங்கும். கிளட்ச் ப்ளேட்டும் ஊறி உப்பியிருந்துச்சுன்னு அப்புறம் சொன்னாரு, மாத்திட்டாரு. கூடவே இன்ஜின் மூச்சு விடுற குழாய் (பிரீதர் டியூப்) எங்க கழண்டு தொங்குதுன்னும் பாருங்க, கழுவும்போது தண்ணி அதுல நேரா போகும்.

ரேடியேட்டர் வெச்ச வண்டி வெச்சிருக்கறவங்க கேட்டதுக்கு: ஆயில் வெளுத்து, கூலன்ட், அதாவது ரேடியேட்டர்ல ஊத்துற தண்ணியோட லெவலும் கொறைஞ்சுட்டே வந்தா முதல்ல வாட்டர் பம்ப் சீல பாருங்க. பம்புக்கு அடில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், கூலன்ட் அது வழியா சொட்டுனா சீல் போயிடுச்சு. அந்த ஓட்டை மண்ணடைச்சுக் கெடந்தா சொட்டு வெளில வர வழி இல்லாம உள்பக்கம் இருக்குற ஆயில் சீல தாண்டி ஆயில்ல கலக்க வாய்ப்பு இருக்கு, அதனால மெல்லிசு கம்பியால அடைப்ப எடுத்துட்டு அப்புறம் பாருங்க.