ரீடைரக்ட் சோதனைக்கு கெட் மட்டும் போதாது, போஸ்ட்டும் அனுப்புங்கள்

எச்டிடிபி முகவரியிலிருந்து மறையாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ்-க்கு சர்வர் திருப்பிவிடும்போது (இதுதான் ரீடைரக்ட்) உங்கள் நிரல் சரியாகப் போகிறதா என்று பார்க்க, தகவலைக் கேட்டு வாங்கும் கெட் கோரிக்கையோடு நிறுத்தாமல், தரவை அனுப்பும் போஸ்ட் கோரிக்கை ஒன்றும் அனுப்பி, தரவு மறுமுனைக்கு வந்து சேர்ந்ததா என்று சர்வர் பக்கம் பாருங்கள்.

சர்வர் 301 அல்லது 302 என்ற ரீடைரக்ட் எண்ணைச் சொன்னால், பிரவுசர்களும் கர்லும் (கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கருவி) போஸ்ட்டை கெட்டாக மாற்றி, தரவை விட்டுவிட்டுப் போகும். கடைசியில் 200, அதாவது வெற்றி என்ற பதில், வந்துவிடுவதால் எல்லாம் சரி என்று தோன்றும். பல மணி நேரத்தை விழுங்குவது இந்த 200தான். 307, 308 என்ற ரீடைரக்ட் எண்கள் இரண்டும் முறையையும் (கெட்டா போஸ்ட்டா என்பதை) தரவையும் அப்படியே கொண்டு போகும். கர்லில் சோதிக்கும்போது பெரிய எல் ஆப்ஷன் கொடுத்தால்தான் ரீடைரக்டைப் பின்தொடரும். தரவுக்குச் சின்ன டி போதும், பெரிய எக்ஸ் போட்டு போஸ்ட் என்று வற்புறுத்தாதீர்கள். ரீடைரக்டுக்குப் பிறகும் போஸ்ட் என்றே போய், சோதனை குழம்பிவிடும். பிரவுசரையும் இதற்கு நம்ப வேண்டாம். எச்எஸ்டிஎஸ் (இந்தத் தளத்துக்கு எச்டிடிபிஎஸ் மட்டுமே என்ற விதி) நினைவில் இருந்தால் அது சர்வரைக் கேட்காமலே எச்டிடிபிஎஸ்-க்கு மாறிவிடும்.

உங்கள் நிரல் கெட் மட்டுமே அனுப்பும் என்றால் இது தேவையில்லை. 303 என்ற ரீடைரக்ட் எண்ணுக்கும் பொருந்தாது, கெட்டாக மாறுவதுதான் அதன் வேலையே. அப்புறம், கடவுச்சொல் போகும் இடத்தில் 308-ஐயும் நம்பாதீர்கள்: முதல் கோரிக்கை மறையாக்கம் இல்லாமலே போய்விட்டிருக்கும். அங்கே நிரலிலேயே எச்டிடிபிஎஸ் முகவரியை எழுதிவிடுங்கள்.