உப்புத் தண்ணிக் கறையா, தேய்க்காதீங்க, ஊற வைங்க

கோயம்புத்தூர்ல வாடகைக்கு வீடு பாக்கப் போனா ஓனர் மொதல்ல சொல்றதே "நல்ல தண்ணிக்குத் தனி லைன், உப்புத் தண்ணிக்குத் தனி லைன்"ங்கறதுதான். நல்ல தண்ணின்னா சிறுவாணி, இல்லன்னா பில்லூர் அணைத் தண்ணி. உப்புத் தண்ணின்னா போர். கிச்சன்ல ஒரே ஒரு பைப்புல நல்ல தண்ணி வரும், பாத்ரூம் பூராவும் போர் தண்ணிதான். எங்க வீட்ல ரெண்டு எடத்துலயும் பைப்பு ஒரே நாள்ல மாட்டுனது, ரெண்டு வருஷத்துல கிச்சன் பைப்புல மூஞ்சி பாத்துத் தலை சீவலாம், பாத்ரூம் பைப்பு திருநீறு பூசுன மாதிரி நிக்குது.

இதுல நான் பண்ணுன கூத்தை மொதல்ல சொல்லிடறேன். தெருவுல பாட்டில்ல விக்கற ஆசிட் இருக்கில்ல, டைல்ஸ் கழுவ வாங்குனது மிச்சம் இருந்துச்சு, அதைக் கொஞ்சம் பைப்பு மேல ஊத்தி பிரஷ்ல தேச்சேன். நொர நொரயா பொங்குச்சு, கறை பத்து செகண்ட்ல போயிருச்சு, எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலைல பாத்தா பளபளப்பு செத்துப்போய் அங்கங்க கறுப்பா, ஓரத்துல மஞ்சளா பித்தளை தெரியுது. பிளம்பர் அண்ணன் வந்து பாத்துட்டு "ஏந் தம்பி, இதுக்கு ஆசிட் ஊத்துனீங்ளாக்கு?"ன்னு கேட்டாரு, தலையாட்டுனேன், புது பைப்பு காசு என் கையில இருந்து போச்சு. பைப்பு மேல இருக்கற குரோமியம் பூச்சு முடியை விட மெல்லிசுங்க, அடியில நிக்கல், அதுக்கும் அடியில பித்தளை. நான் ஊத்துன பாட்டில்ல இருந்தது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், அது அந்த குரோமியத்தையே தின்னுடும். கம்மோடு கழுவற கிளீனர்லயும் பெரும்பாலும் அதே ஆசிட்தான், லேபிளைத் திருப்பிப் படிச்சுப் பாருங்க. அது பீங்கானுக்கு மட்டும், பைப்புப் பக்கமே கொண்டு போகாதீங்க.

நாம உப்புக் கறைன்னு சொல்றோமே தவிர இது சாப்பாட்டு உப்பு இல்ல. சாப்பாட்டு உப்பா இருந்தா ஒரு மக்கு தண்ணி ஊத்துனாலே கரைஞ்சு போயிருக்கும். இது சுண்ணாம்பு. பாறைக்குள்ள ஊறி வர்ற தண்ணில கால்சியமும் மெக்னீசியமும் கரைஞ்சு வரும், சொட்டு காயும்போது தண்ணி மட்டும் ஆவியாகி சுண்ணாம்பு அங்கயே ஒட்டிக்கும், அது மேல அடுத்த சொட்டு, அது மேல இன்னொண்ணு. சுவத்துல வெள்ளையடிச்சு காஞ்சதும் இறுகிப் போகுதே, அதே சரக்குதான். தண்ணி சூடானா இன்னும் வேகமாப் படியும், அதனாலதான் கீசர் லைன்ல இருக்கற பைப்பும் ஷவரும் மொதல்ல அடைக்கும். இந்தக் கால்சியம், மெக்னீசியம் அளவைத்தான் கடினத்தன்மைன்னு சொல்றாங்க, குடிதண்ணிக்கு இந்திய தர அளவுல அது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற வழியே இல்லன்னா 600 வரைக்கும் போகலாம்னு வெச்சிருக்காங்க. டிடிஎஸ் மீட்டர்ல வர்ற நம்பர் இது இல்ல, அது கரைஞ்சிருக்கற எல்லாத்தையும் சேத்துக் காட்டும், கடினத்தன்மைக்குத் தனி டெஸ்ட் இருக்கு.

கறையைத் தொடறதுக்கு முன்னாடி அது என்ன கறைன்னு பாத்துக்கணும். வெள்ளையா, சொரசொரன்னு, நகத்துல சுரண்டுனா மாவா வந்தா சுண்ணாம்பு. அது மேல ஒரு சொட்டு வினிகர் விடுங்க, குட்டிக் குட்டியா குமிழ் வந்தா சந்தேகமே வேண்டாம். காவி கலர்ல கோடு கோடா எறங்குச்சுன்னா இரும்பு, தண்ணில லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டுனாலே பீங்கான்ல கறை விழ ஆரம்பிச்சுடும். பச்சையும் நீலமும் கலந்த மாதிரி இருந்தா பித்தளையோ செம்போ அரிக்குது, எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம், கறையை விட்டுட்டு மொதல்ல வாஷரை மாத்துங்க. சாம்பல் கலர்ல வழவழன்னு இருந்தா அது சோப்பும் சுண்ணாம்பும் சேந்து உண்டாகுற பிசுக்கு. இந்தப் பிசுக்கைத்தான் எல்லாரும் கோட்டை விடறாங்க, அது மேல எவ்வளவு வினிகர் ஊத்துனாலும் அடியில இருக்கற சுண்ணாம்பைப் போய்த் தொடாது. அதனால எப்பவும் மொத வேலை, பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டு சொட்டு போட்டு வெதுவெதுப்பான தண்ணில ஸ்பாஞ்சால கழுவி விட்டுடறது. அப்புறம்தான் புளிப்பு.

புளிப்புன்னா எதுன்னு கேட்டா நான் சிட்ரிக் ஆசிட்தான்னு சொல்லுவேன், சில கடையில லெமன் சால்ட்னு கேட்டா குடுப்பாங்க. சர்க்கரை மாதிரி வெள்ளையா இருக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 50 கிராம், அவ்வளவுதான். கடையில விக்கற வெள்ளை வினிகர்ல அசிட்டிக் ஆசிட் 4 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கு, வேலை செய்யும், ஆனா வீடு பூரா ஊறுகா வாசம் அடிக்கும். எலுமிச்சம்பழத் தோலை வீணாக்காம பைப்பு மூக்குல கவுத்து வெக்கலாம், தப்பில்ல. எங்க ஆத்தா பித்தளை அண்டாவைப் புளி போட்டு வெளக்குவாங்க, அதுலயும் ஆசிட்தான் வேலை செய்யுது. லேசான கறைக்கு அந்தப் புளித் தண்ணியே போதும். ஆனா வினிகரையும் சமையல் சோடாவையும் ஒண்ணாக் கலந்து ஊத்தற வீடியோ பாத்திருப்பீங்க, பாக்கத்தான் அழகு. ஒண்ணு புளிப்பு, இன்னொண்ணு காரம், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு கடைசில மிஞ்சறது கிட்டத்தட்ட வெறுந்தண்ணிதான், அந்த நொர கறைல இருந்து வர்றதில்ல.

இப்ப பைப்புக்கு வருவோம். டிஷ்யூ பேப்பரோ பழைய பனியன் துணியோ எடுத்து சிட்ரிக் தண்ணில நனைச்சு பைப்பைச் சுத்தி ஈரமா ஒட்டுற மாதிரி சுத்திடுங்க, கைப்பிடி அடியிலயும் சுவத்தோட சேர்ற எடத்துலயும் நல்லா அமுக்கி விடணும், அங்கதான் கெட்டியா இருக்கும். 20 நிமிஷம் விடுங்க. எடுத்து மெத்துன்னு ஒரு துணியால தொடைங்க. போகலையா, கையில பலம் காட்டாதீங்க, இன்னொரு 20 நிமிஷம் சுத்துங்க. எனக்கு மூணு தடவை ஆச்சு, இடைல ஒரு காப்பி குடிச்சேன். ராத்திரி பூரா விடறேன்னு போயிடக் கூடாது, அது பூச்சுக்கு நல்லதில்ல. கறுப்பு மேட், கோல்டு கலர் பைப்புன்னா தண்ணி இன்னும் கொஞ்சம் கலந்து அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேண்டாம், மொதல்ல கண்ணுக்குத் தெரியாத எடத்துல பாத்துக்குங்க. இரும்பு நாரைத் தொடவே தொடாதீங்க, குரோமியத்தைக் கீறி விட்டு அந்தக் கீறல்ல இரும்புத் தூளையும் விட்டுட்டுப் போகும், அப்புறம் வெள்ளைக் கறைக்குப் பதிலா துரு.

பைப்பு தண்ணி கோணலாச் சிதறுதா? மூக்குல வலை மாதிரி ஒண்ணு இருக்கும், ஏரேட்டர்னு கேட்டா கடைக்காரருக்குத் தெரியும். துணி சுத்திக் கையாலயே திருகிப் பாருங்க, வரலன்னா அதையும் மொதல்ல ஊற வெச்சுட்டுத் திருகுங்க, ஸ்பேனரை நேராப் போட்டா பல்லுப் பதிஞ்சுடும். உள்ள வலை, பிளாஸ்டிக் தட்டு, ரப்பர் வாஷர்னு மூணு நாலு துண்டு இருக்கும், கழட்டற வரிசையை போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. நான் எடுக்கல, வாஷரைத் தலைகீழாப் போட்டு ரெண்டு நாள் ஒழுகுச்சு.

ஷவர் தலையும் ஹெல்த் ஃபாசெட்டும் கழட்ட வந்தா கழட்டி ஒரு கிண்ணத்துல ஊறப் போட்டுடலாம், வராட்டி பிளாஸ்டிக் கவர்ல சிட்ரிக் தண்ணி ஊத்தி ஷவர் முங்கற மாதிரி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிடுங்க. குரோம் பூச்சுன்னா அரை மணி, வெறும் பிளாஸ்டிக்னா ராத்திரி பூரா விடலாம். ஓட்டைல ரப்பர் மூக்கு இருந்தா கட்டை விரலால நெருடுனாலே சுண்ணாம்பு உதிரும், மத்ததுக்குப் பல்லு குத்தற குச்சி போதும்.

கம்மோடுல தண்ணி நிக்கற மட்டத்துல வளையம் மாதிரி படியுமே, அதுக்கு மேல எத்தனை கிளீனர் ஊத்துனாலும் அந்தத் தண்ணில கரைஞ்சு நீத்துப் போயிடும். பிரஷ்ஷால தண்ணியைக் குத்திக் குத்தி உள்ள தள்ளி மட்டத்தை எறக்கிட்டு, டிஷ்யூவை நனைச்சு வளையத்து மேல ஒட்டி, அது மேல சிட்ரிக் தூளையே தூவி ராத்திரி விட்டுடுங்க. காவிக் கறைக்கும் இதேதான். அதுக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டா இரும்புக் கறை போகாது, இன்னும் கெட்டியா ஒக்காந்துக்கும். அதோட பிளீச்சிங் பவுடர் இருக்கற எடத்துல வினிகரோ சிட்ரிக்கோ டாய்லெட் கிளீனரோ எதுவுமே சேரக் கூடாது, குளோரின் வாயு கெளம்பும், ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூம்ல மூச்சு முட்டி விழுந்துடுவாங்க. காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணுன்னு போட்டாலும் நடுவுல நல்லாத் தண்ணி ஊத்திக் கழுவி விடணும்.

தரை மார்பிளோ மொசைக்கோ கடப்பாக் கல்லோ இருந்தா புளிப்பு சொட்டாமப் பாத்துக்குங்க, அதுங்களும் சுண்ணாம்பு ஜாதிதான், பட்ட எடம் மங்கிப் போகும். டைல்ஸ் இடுக்கு சிமெண்டும் அப்படித்தான், வேலை முடிஞ்சதும் ரெண்டு மக்கு தண்ணி அடிச்சு விடுங்க. கண்ணாடித் தடுப்புல பல வருஷக் கறை இருந்து, எல்லாம் பண்ணியும் புகை மூட்டமாவே தெரிஞ்சா அது கண்ணாடியே அரிச்சுப் போனது, விட்டுடுங்க.

சாஃப்ட்னர்னு தண்ணியோட கடினத்தன்மையைக் கொறைக்கற மெஷின் இருக்கு, அதை மாட்டுனா கறை நல்லாவே கொறையும், உள்ள இருக்கற ரெசின் கால்சியத்தைப் புடிச்சு வெச்சுக்கிட்டு சோடியத்தை விடும், அதுக்கு அப்பப்ப உப்பு போட்டுக்கிட்டே இருக்கணும், அந்தத் தண்ணியைச் செடிக்கு ஊத்தாதீங்க. காந்தம் மாட்டுனா போதும்னு விக்கறாங்களே, அதுக்கு நான் காசு போட மாட்டேன்.

வாடகை வீட்ல சாஃப்ட்னருக்கு ஓனர் எங்க ஒத்துக்கப் போறாரு. அதனால பாத்ரூம் ஆணில பழைய வேட்டித் துண்டு ஒண்ணு தொங்க விட்டிருக்கேன், கடைசியாக் குளிச்சுட்டு வர்றவங்க பைப்பை ஒரு தடவை தொடச்சுட்டுத்தான் வரணும். பெரும்பாலும் அது நானாத்தான் இருக்கேன்.