துணி ஷட்டரில் ஊசித்துளை: கண்டுபிடிப்பதும் அடைப்பதும்

பழைய பிலிம் கேமராவில் எடுத்த படங்களில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி விழுகிறதா? நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தூசியென்றால் துடைத்தால் போய்விடும். படத்துக்குப் படம் இடமும் மாறும். துடைத்தும் போகாமல் கறுப்பாக நிற்கும் புள்ளி, ஷட்டர் திரை (பிலிமுக்கு முன்னால் நின்று, படம் எடுக்கும்போது மட்டும் திறக்கும் திரை) வழியே கசிந்த வெளிச்சம். வெயிலில் கேமராவை அதிக நேரம் வைத்திருந்தபோது எடுத்த படத்தில் புள்ளி பெரிதாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஜோர்கி-4, ஃபெட்-2 போன்ற சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் (லென்ஸ் வழியாக இல்லாமல் தனிச் சாளரத்தில் பார்த்து ஃபோகஸ் செய்யும்) கேமராக்களில் இது சகஜம். ரப்பர் பூசிய துணிதான் அவற்றின் ஷட்டர். லென்ஸ் வழியாகவே பார்க்க உதவும் எஸ்.எல்.ஆர் கேமராவில் இருப்பதுபோல் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே ஒளியைத் திருப்பும் கண்ணாடி கிடையாது. மூடி போடாத லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி கிடந்தால், பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பதுபோல் துணி பொசுங்கிவிடும். இன்னொரு காரணம் வயது: ரப்பர் காய்ந்து வெடித்து, பொடித் துளைகள் விழும்.

இந்தப் பழுதுக்கு ஸ்க்ரூடிரைவரே வேண்டாம். துணிக்குப் பூசும் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட், மிக மெல்லிய தூரிகை, சின்ன டார்ச் போதும். பின்பக்கம் முழுதாகக் கழலும் கேமராவில்தான் இது எளிது. அடித்தட்டை மட்டும் திறந்து பிலிம் போடும் பழைய மாடல்களில் முதன்முதலாகக் கை வைக்காதீர்கள்.

முதலில் சோதனை. லென்ஸையும் பின்மூடியையும் கழற்றுங்கள். அறையை நன்றாக இருட்டாக்கி, கண் பழகச் சில நிமிடங்கள் விடுங்கள். லென்ஸ் பொருத்தும் வாய் வழியாக டார்ச் அடித்து, பின்பக்கமிருந்து பாருங்கள். டார்ச் திரையில் இடிக்கக் கூடாது. வெளிச்சத்தைச் சாய்த்துச் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத துளை சாய்வில் தெரியும்.

இங்கேதான் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஷட்டரில் இருப்பது இரண்டு திரைகள். சாவி கொடுக்காத, அதாவது அடுத்த படத்துக்குக் குமிழைத் திருகாத நிலையில் கண்ணுக்குத் தெரிவது இரண்டாம் திரை; குமிழைத் திருகிச் சாவி கொடுத்த பிறகு தெரிவது முதல் திரை. இரண்டு நிலையிலும் பார்க்க வேண்டும். துளை மின்னும்போதே போனில் படம் எடுத்துவிடுங்கள். விளக்கைப் போட்ட பிறகு, கறுப்புத் துணியில் துளை எங்கே என்று தேடினால் கிடைக்காது.

ஒன்றிரண்டு துளை என்றால் அடைக்கலாம். திரை முழுக்கப் பொடிப்பொடியாக வெளிச்சம் தெரிந்து, துணியும் விறைத்துப்போயிருந்தால் பெயின்ட் வீண். திரையையே மாற்ற வேண்டும். அது தேர்ந்தவர் வேலை.

பெயின்டைத் தொடும் முன் இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சாவி கொடுத்த பிறகு ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்கு மாற்றி (ஃபெட்-2இல் 1/500), கேமராவை வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்து, பின்பக்கமிருந்து பார்த்தபடி ஷட்டர் பொத்தானைத் தட்டுங்கள். சட்டம் (பிலிமில் படம் விழும் செவ்வகம்) முழுவதும் வெளிச்சம் பளிச்சிட வேண்டும். சாவி கொடுக்காமல் வேக வளையத்தைத் திருப்புவது இந்தக் கேமராக்களுக்கு ஆகாது.

பூசுவது. தூரிகையைப் பெயின்டில் தொட்டு, காகிதத்தில் துடைத்து, ஏறக்குறைய காய்ந்த நுனியால் துளைமேல் மட்டும் ஒற்றுங்கள். திரையை அழுத்தாதீர்கள். ஓரத்து உலோகப் பட்டையிலும், திரையை இழுக்கும் நாடாக்களிலும் பெயின்ட் படக் கூடாது. பூச்சு ஏன் இவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்? இந்தத் துணி ஒவ்வொரு முறையும் உருளையில் சுற்றிக்கொள்கிறது. தடித்த பூச்சு அங்கே முண்டாக நின்று திரையின் வேகத்தைக் கெடுக்கும். டேப் ஒட்டுவது தவறு என்பதும் இதனால்தான். நகப்பூச்சும் வேண்டாம், காய்ந்ததும் கெட்டியாகி, மடங்கும் இடத்தில் வெடித்துவிடும்.

பூசிய பின் ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். ஈரத்தோடு சாவி கொடுத்தால் திரை தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும். ஊசித்துளையோடு போயிருக்க வேண்டியது பெரிய செலவில் முடியும். காய்ந்ததும் மறுபடி டார்ச் அடியுங்கள். இன்னும் கசிந்தால் இன்னொரு மெல்லிய பூச்சு. மற்றத் திரையிலும் துளை இருந்தால், முதலில் பூசியது காய்ந்த பிறகே அதற்குப் போங்கள்.

ஓட்டிப் பார்ப்பது. குமிழை மெதுவாகத் திருகுங்கள். பிசுபிசுவென்று ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டு, இன்னும் காய விடுங்கள். சத்தமில்லாமல் ஓடினால் பிலிம் இல்லாமல் பலமுறை தட்டி, சுவர்ச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். முன்பு முழுதாகத் தெரிந்த சட்டத்தில் இப்போது ஒரு பக்கம் இருண்டால் பூச்சு தடித்துவிட்டது என்று பொருள். சுருள்வில் இறுக்கத்தைத் திருகிச் சரிசெய்ய ஆசை வரும். வேகம் அளக்கும் கருவி இல்லாமல் அந்த ஸ்க்ரூவைத் தொடவே தொடாதீர்கள்.

கடைசியாக ஒரு பிலிம் சுருள். சில படங்களுக்கு முன், லென்ஸ் மூடியில்லாமல், சூரியனை நேராகப் பார்க்காதபடி பகல் வெளிச்சத்தில் கேமராவை ஓரிரு நிமிடம் வையுங்கள். சாவி கொடுத்த நிலையில் சில, கொடுக்காத நிலையில் சில. நெகட்டிவில் கறுப்புப் புள்ளி இல்லையென்றால் வேலை முடிந்தது. இனி வெயிலில் நடக்கும்போது லென்ஸுக்கு மூடி போடுங்கள். மூடி தொலைந்திருந்தால் லென்ஸின் ஒளித் துவாரத்தை எஃப்/16-க்குச் சுருக்கி, ஃபோகஸைக் கிட்டத்து தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.