பழைய ராணுவ ஜீப்பில் இருப்பது அசல் எஞ்சின்தானா? நீங்களே பார்க்கலாம்

சிங்கப்பூரில் பழைய ராணுவ ஜீப் கைமாறும்போது "அசல் எஞ்சின்" என்ற பேச்சு கட்டாயம் வரும். பணம் கொடுக்கும் முன் அதை நீங்களே சரிபார்த்துவிடுங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பை வைத்துச் சொல்கிறேன். வில்லிஸ் நிறுவனம் தயாரித்தது எம்பி (MB), ஃபோர்டு தயாரித்தது ஜிபிடபிள்யூ (GPW). இரண்டிலும் 134 கன அங்குல, 60 குதிரைத்திறன் எஞ்சின்தான்.

கைவிளக்கு, பித்தளை பிரஷ், மண்ணெண்ணெய், பழந்துணி, சாக்பீஸ் போதும்.

முதலில் எஞ்சின் எண். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி வலப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் வார்ப்பு உடலான பிளாக்கின் வலப்பக்க முன் மேல்மூலையில், ஆயில் ஃபில்டருக்குப் பின்னால், சீவிவிட்ட சிறு தட்டை இடம் இருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மெல்லத் தேய்த்து, துடைத்து, சாக்பீஸைப் பூசுங்கள். பள்ளத்தில் வெள்ளை தங்கி எண் தெரியும். உப்புத்தாளோ கிரைண்டரோ வேண்டவே வேண்டாம்! அந்த எழுத்து ஆழமில்லாதது, ஒரு இழுப்பில் போய்விடும். சிதைந்த எண்ணோடு வண்டிச் சோதனைக்குப் போனால் தலைவலி உங்களுக்குத்தான்.

எண்ணுக்கு முன்னால் எம்பி என்றிருந்தால் வில்லிஸ், ஜிபிடபிள்யூ என்றால் ஃபோர்டு. ஜே (J) என்றால் போருக்குப் பிந்தைய சிஜே-2ஏ என்ற பொதுமக்கள் ஜீப், எம்சி (MC) என்றால் 1950களின் எம்38 ராணுவ ஜீப்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். உளியும் சுத்தியலும் இருந்தால் எவரும் எண் அடிக்கலாம். அச்சில் வார்க்கும்போதே வந்த எண்ணை அப்படி மாற்ற முடியாது. பிளாக்கின் பக்கவாட்டில், ஆயில் ஊற்றும் குழாயை ஒட்டிப் பாருங்கள்: வில்லிஸுக்கு 638632, ஃபோர்டுக்கு ஜிபிடபிள்யூ-6015. அடித்த எழுத்து எம்பி, வார்ப்பில் ஜிபிடபிள்யூ என்றால் கேள்வி கேளுங்கள்.

அப்புறம் வண்டியின் அடிச்சட்டம், அதாவது சேசிஸ். பலர் குழம்புவது இங்கேதான். ஃபோர்டில் இடப்பக்கச் சட்டத்தின் மேல், முன் ஷாக் அப்சார்பர் அருகே அடித்த எண்ணும் எஞ்சின் எண்ணும் தொழிற்சாலையில் ஒன்றாகவே இருந்தன. வில்லிஸில் முன் பம்பருக்குப் பின்னால், இடப்பக்கச் சட்டத்தின் உட்புறம் ரிவெட் அடித்த தகட்டில் வண்டி எண் இருக்கும். எஞ்சின் எண் அதிலிருந்து தொடக்கத்திலேயே வேறு. வில்லிஸில் "இரண்டும் ஒத்துப்போகிறது, பாருங்கள்" என்று ஒருவர் பெருமையாகக் காட்டினால், அங்கேதான் நீங்கள் உஷாராக வேண்டும்.

எஞ்சினின் முன்மூடி ஏற்கெனவே கழற்றியிருந்தால் உள்ளேயும் எட்டிப்பாருங்கள். போர்க்கால எஞ்சினில் கேம்ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் சங்கிலி இருக்கும், அதற்குப் பதிலாகப் பல்சக்கரம் பிற்காலத்தில்தான் வந்தது.

எண் பொருந்தவில்லை என்பதற்காக வண்டியை ஒதுக்கிவிடாதீர்கள். ராணுவப் பணிமனைகளே எஞ்சினை மாற்றி மாட்டின. புதுப்பித்ததற்கான சிறு தகடு பிளாக்கில் இருந்தால் அதன்மேல் பெயிண்ட் படவிடாதீர்கள். என் கணக்கில் அப்படி ஒரு எஞ்சினுக்கும் முழு மதிப்பு உண்டு.

கடைசியாக, வண்டியின் பதிவு விவரங்கள் அடங்கிய லாக் கார்டில் உள்ள எஞ்சின், சேசிஸ் எண்களை வண்டியில் கண்டதோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். வேறுபட்டால், நிலப் போக்குவரத்து ஆணையத்தில் விற்பவரே அதைச் சரிசெய்து கொடுத்த பிறகு முன்பணம் பற்றிப் பேசலாம்.