லினக்ஸ் மெமரியில் அவசரப்பட்டுச் செய்யும் தவறுகள்

லினக்ஸ் சர்வரில் மெமரி நிலவரம் காட்டும் ஃப்ரீ (free) கட்டளையை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பலர் பதறுவார்கள். 16 ஜிபி ரேமில் 300 எம்பிதான் மிச்சம் என்று காட்டும். உடனே கேஷைக் காலி செய்யும் கட்டளையை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் (cron) போட்டு மணிக்கொரு தடவை ஓட விடுவார்கள். வேண்டாத வேலை. டிஸ்கிலிருந்து ஏற்கெனவே படித்த கோப்புகளைத்தான் சும்மா கிடக்கும் ரேமில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் கேஷாக வைத்திருக்கிறது. புரோகிராம்கள் இடம் கேட்டால் பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிடும். அதைத் துடைத்தால் அடுத்த முறை மறுபடி டிஸ்குக்கு ஓட வேண்டியதுதான். பார்க்க வேண்டிய பத்தி ‘அவைலபிள்’ (available), அதாவது புரோகிராம்களுக்குக் கொடுக்கக்கூடிய ரேம்.

ஓடும் புரோகிராம்களைக் காட்டும் டாப் (top) கட்டளையில் ஒன்றுக்கு ‘விர்ட்’ (VIRT) 20 ஜிபி என்று தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். அது புரோகிராமுக்கென்று குறித்து வைத்த முகவரி வெளியின் அளவு, எல்லாம் ரேமில் இருக்காது. உண்மையில் ரேமில் இருப்பது ‘ரெஸ்’ (RES).

நிரல் எழுதுபவர்கள் செய்யும் தவறு வேறு. மெமரி கேட்கும் மேலாக் (malloc), ‘கிடைக்கவில்லை’ என்பதற்கான நல் (NULL) மதிப்பைத் திருப்பித் தரவில்லை என்றால் ரேம் கைக்கு வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். பத்திரிகை வாங்கியவர்கள் எல்லாருக்கும் கல்யாண வீட்டில் முன்கூட்டியே இலை போடுவதில்லை, வந்து உட்கார்ந்த பிறகுதான். கெர்னலும் அப்படித்தான்: அந்த இடத்தில் முதன்முதலாக எழுதும்போது ‘இங்கே ரேம் இன்னும் இல்லை’ என்று கெர்னலுக்குச் சொல்லும் பேஜ் ஃபால்ட் வரும், அப்போதுதான் ரேமில் பக்கம் ஒன்று (பொதுவாக 4 கேபி) ஒதுக்கப்படும். எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால்? ரேம் தீர்ந்துபோய், புரோசஸை (ஓடும் புரோகிராமை) கொன்று இடம் பிடிக்கும் கெர்னலின் ஓஓஎம் (OOM) கில்லர் இறங்கும். அது பெரும்பாலும் அதிக மெமரி பிடித்திருக்கும் புரோசஸைத்தான் கொல்லும். பல சர்வர்களில் அது டேட்டாபேஸ்! முக்கியமான புரோசஸுக்கு ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்ட் (oom_score_adj) மதிப்பை முன்பே குறைத்து வையுங்கள். -1000 கொடுத்தால் தொடவே தொடாது.

ரேமிலிருந்து வெளியேற்றும் பக்கங்களை வைக்க டிஸ்கில் ஒதுக்கிய இடமான ஸ்வாப்தான் வேகத்தைக் கெடுக்கிறது என்று அதை முழுக்க அணைப்பதும் பழக்கமாகிவிட்டது. ஸ்வாப் இல்லாவிட்டால் புரோகிராம்கள் ஓடும்போது தங்கள் தரவுகளை வைக்கும் ஹீப்பையும் ஸ்டாக்கையும் வெளியேற்ற வழியே இல்லை. அதனால் நெருக்கடியில் கெர்னல் கோப்புப் பக்கங்களைத்தான் தூக்கி எறியும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் குறியீடும் அதில் சேர்த்தி. எறிந்ததையே அடுத்த நொடி டிஸ்கிலிருந்து படிக்க நேரும். ஸ்வாப்பே இல்லாமல் மெஷின் திணறும். கொஞ்சம் ஸ்வாப் இருக்கட்டும்.

ஸ்வாப்பில் எதோ இருக்கிறது என்பதே ஆபத்தும் இல்லை. விஎம்ஸ்டாட் (vmstat) கட்டளையில் ‘எஸ்ஐ’ (ஸ்வாப்பிலிருந்து ரேமுக்கு வருவது), ‘எஸ்ஓ’ (ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது) இரண்டும் ஓயாமல் ஓடினால்தான் கவலை. அப்புறம், ஸ்வாப்பினஸ் (swappiness) என்ற கெர்னல் அமைப்பு 60 என்றால் ரேம் 60 சதவீதம் நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும் என்று அர்த்தமில்லை. ஹீப், ஸ்டாக் போன்ற பக்கங்களா, கோப்புப் பக்கங்களா, எதை முதலில் விடுவிப்பது என்பதற்கான சாய்வு மட்டுமே அது.