மோரிஸ் மைனரின் இடது சிக்னல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பா விட்டுப்போன 1962 மோரிஸ் மைனர் கார் இன்னும் ஓடுகிறது. வலது சிக்னல் ஒழுங்காகச் சிமிட்டும். இடப்பக்கம் செத்துக் கிடந்தது. பட்டறையில் வயரிங் முழுவதையும் மாற்றச் சொன்னார்கள். மனம் ஒப்பவில்லை. வலது எரிகிறதென்றால் ஃபியூஸும், விளக்கைச் சிமிட்ட வைக்கும் ஃபிளாஷரும் நல்லவைதானே?

ஸ்டீரிங் தண்டின் கீழே சிக்னல் சுவிட்சின் இணைப்பைப் பிரித்தேன். லூகாஸ் நிறுவனத்தின் வயரிங்கில் ஃபிளாஷரிலிருந்து சுவிட்சுக்கு வருவது இளம்பச்சையில் பழுப்புக் கோடு. இடதுக்குப் பச்சையில் சிவப்பு, வலதுக்குப் பச்சையில் வெள்ளை. அறுபது வருடப் பிசுக்கில் எல்லாமே ஒரே கறுப்பு! சோப்புத் துணியால் துடைத்த பிறகுதான் கோடு தெரிந்தது. பழுப்புக் கோட்டையும் சிவப்புக் கோட்டையும் ஒரு துண்டு வயரால் சேர்த்தேன். முன்னும் பின்னும் டிக், டிக். ஆக, பழுது சுவிட்சில்.

கழற்றிப் பார்த்தால் சிவப்புக் கோட்டு வயர் வெளிப்பார்வைக்கு ஒட்டியிருந்தது. மெல்ல இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. ஈயப்பற்று விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். பற்றவைத்து, களிம்பு பிடித்த செப்புத் தகட்டை நைசான உப்புத்தாளால் தேய்த்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார்: “தம்பி, இனிமே கையை நீட்ட வேணாம்போல?”